காப்பைக் கழற்றிவிட்டுச் சொன்னது

என் தாடை உடைந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். உடைத்தவர், அதற்குச் சற்று முன்புதான் என் அண்ணனின் கழுத்தில் ரோஜா மாலை போட்டிருந்தார்.

அண்ணன் வேகப்பந்து வீசுபவன். எங்கள் ஊர் வையம்பட்டிப் பக்கம். அவன் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். நான்தான் எங்கள் வீட்டில் கல்லூரி வரைக்கும் போன முதல் ஆள். அப்பா போன பிறகு மூன்று பேரும் ஸ்ரீரங்கத்துக்கு வந்து கொள்ளிடக்கரைப் பக்கம் வாடகைக்கு இருந்தோம். அண்ணன் லோடு ஆட்டோ ஓட்டினான். நான் மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு மொத்த ஜவுளிக்கடை ஆபீஸில் வேலை பார்த்தேன். பேங்க், ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ் என்று எங்கே போனாலும், "அவன் பேசுவான்" என்று அம்மா என்னை முன்னால் தள்ளிவிடுவாள். அண்ணன் பின்னால் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

பந்தைக் கையில் கொடுத்தால் மட்டும் அவன் வேறு ஆள். டென்னிஸ் பால் டோர்னமென்டுகளில் ஆரம்பித்து, இருபத்தெட்டு வயதில் டிவியில் காட்டுகிற ஒரு இருபது ஓவர் லீக்கில் ஒரு அணி அவனை எடுத்தது. ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்குத்தான். நன்றாகப் போட்டால் அடுத்த வருஷமும் உண்டு. அவன் கேட்டது அந்த இன்னொரு வருஷத்தைத்தான்.

அந்த சீசன் தொடங்குவதற்கு முன் அவனுக்குக் குதிகாலில் வலி வந்தது. அம்மா சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துண்டு கோத்த கயிற்றை அவன் வலது மணிக்கட்டில் கட்டினாள். சீசன் முடிந்ததும் பால்குடம் எடுத்துவிட்டுத்தான் அந்தக் காப்பை அவிழ்க்க வேண்டும். அதுவரை கறி கூடாது, செருப்பு கூடாது, பொய் சொல்லக் கூடாது.

"செருப்பு கூடாதுன்னா ஸ்பைக்ஸ் ஷூ போடலாமாம்மா?" என்று கேட்டேன்.

"அது செருப்பாடா? அது தொழிலு. ஆத்தாளுக்குத் தெரியாதா?"

அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். ஆனால் அந்தப் பொய் விஷயத்தில் கறாராக இருந்தான். வீட்டு ஓனர் வாடகை கேட்டு வந்தால்கூட, நான் இல்லை என்று சொல்லச் சொன்னால் சொல்ல மாட்டான். உள்ளே எட்டிப் பார்த்து, "டேய், உன்னத்தான் கேக்குறாரு" என்பான்.

அந்த ஓவரை நான் பார்த்தது எங்கள் கடைச் சந்திலேயே இருந்த ஒரு செல்போன் கடையில். கடைக்காரர் பெரிய டிவி வைத்திருந்தார். சந்தே அங்கேதான் நிற்கும். பாதிப் பேர் மேட்ச் பார்க்க வந்தவர்கள், மீதிப் பேர் பணம் கட்டியவர்கள். எந்த ஓவரில் எத்தனை ரன் போகும் என்று கட்டுவார்கள். பக்கத்தில் நகைப்பட்டறை வைத்திருந்த ஒருவர்தான் கட்டுகிறவர்களுக்குத் தலை. அன்று அண்ணன் ரன் கொடுக்க மாட்டான் என்று எல்லோரும் அவன்மேல் கட்டியிருந்தார்கள்.

முதல் மூன்று பந்தும் நன்றாக விழுந்தன. பிறகு பேட்ஸ்மேன் கையை உயர்த்தி அம்பயரிடம் ஏதோ சொன்னான். அண்ணன் ஓடிவரும்போது அந்த மஞ்சள் துண்டு ஆடிக்கொண்டே கண்ணில் படுகிறதாம். அவிழ்க்கச் சொல்லியிருக்கிறார் அம்பயர். அண்ணன் மாட்டேன் என்று தலையாட்டினான். அப்புறம் வெளியிலிருந்து ஒரு ரிஸ்ட் பேண்ட் வந்தது. அதைக் காப்பின்மேல் மாட்டிக்கொண்டு வந்து அடுத்த பந்தை வீசினான். நோ பால். கோட்டைத் தாண்டி ஒரு முழம் தள்ளிக் கால் விழுந்திருந்தது. அதில் சிக்ஸர், ஃப்ரீ ஹிட்டில் இன்னொரு சிக்ஸர். ஓவர் நாசம்.

 பட்டறைக்காரர்தான் ஆரம்பித்தார். "பேண்ட் மாட்டுனான், நோ பால் போட்டான். பாத்தீங்களாடா? சிக்னல் குடுக்குறான்."

மறுநாள் அந்த இரண்டு காட்சியையும் ஒட்டி, மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு ஒரு வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. லீக்கிலும் விசாரிக்கப் போவதாகச் சொன்னார்கள். விசாரணை முடியும்வரை ஆட வேண்டாம் என்று அணி அண்ணனை ஊருக்கு அனுப்பிவைத்தது. "கேப்பாங்க, சொல்லுவேன். இதுல என்ன இருக்கு?" என்று சாதாரணமாகத்தான் இருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முக்கொம்பு போகிற வழியில், ஆற்றோரம் இருந்த ஒரு ஷெட்டுக்குச் சந்துக்காரர்கள் எங்களை அழைத்தார்கள். டிவியில் ஆடிய நம்ம ஊர்ப் பையனுக்குப் பாராட்டு என்றார்கள். என்னையும் கூட்டிவரச் சொன்னார்கள். கோபம் தணிந்துவிட்டது என்று நம்பிப் போனோம். மொத்தம் ஐந்து பேர் இருந்தார்கள். பட்டறைக்காரர் மாலை போட்டார். செல்போன் கடைக்காரர் போட்டோ எடுத்தார். ஆரஞ்சு ஜூஸ் கொடுத்தார்கள். நான் டம்ளரைக் கீழே வைக்கும்போது ஷட்டர் இறங்கியது.

முதல் அடி அண்ணனுக்கு. ஸ்டம்பால் முழங்காலின் பின்பக்கம் அடித்தார்கள். மாலையோடு மண்டியிட்டான். பூ நசுங்கிய வாசனை வந்தது.

"எவன்கிட்ட வாங்குன?"

"யார்கிட்டயும் வாங்கலண்ணே."

"வாங்குனியோ வாங்கலியோ, எனக்கு அது வேணாம். வாங்குனேன்னு போனப் பாத்துச் சொல்லு."

அவர்களுக்கு வேண்டியது உண்மை இல்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவர்களிடம் பந்தயப் பணம் வாங்குகிற புக்கி ஒரு வழக்கம் வைத்திருந்தான். ஆடியவனே தன் வாயால் ஒத்துக்கொண்டால் அந்த ஓவர் செல்லாது, கட்டியவர்களுக்குக் கட்டியது திரும்பிவிடும். அதற்காகத்தான் மாலை, ஜூஸ், ஸ்டம்ப் எல்லாம்.

அண்ணன் சொல்லவில்லை. விலாவில் உதைத்தார்கள். முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார்கள். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. அவன் பந்து வீசும் கையை மட்டும் வயிற்றுக்குள் இழுத்து வைத்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். ஒருவன் அந்தக் கையை வெளியே இழுத்து விரல்மேல் ஷூவை வைத்தான். அப்போதும் சொல்லவில்லை. நான் குறுக்கே விழுந்து, "அண்ணே, நான் சொல்றதக் கேளுங்க, லீக்ல விசாரிக்கப் போறாங்க, அதுலயே..." என்று ஆரம்பித்தேன். பேசிப் பேசியே பழகிய வாய்.

"இவன் யாரு, வக்கீலா?" என்றார் பட்டறைக்காரர். ஸ்டம்பைத் தலைகீழாகப் பிடித்து அந்த வாயிலேயே அடித்தார். எலும்பு உடைந்த சத்தம் எனக்கு வெளியிலிருந்து வரவில்லை, தலைக்குள் கேட்டது. நாக்கில் ஒரு பல் தனியாக உருண்டது. அவர் இரண்டாவது தடவை ஓங்கினார்.

"சொல்றேன்" என்றான் அண்ணன். "அவன விடுங்க. சொல்றேன்."

செல்போன் கடைக்காரர் போனை எடுத்தார். அண்ணன் எழுந்து உட்கார்ந்தான். இடது கையால் முகத்தைத் துடைத்தான். பிறகு வலது மணிக்கட்டை வாய்க்குக் கொண்டுபோய், காப்பின் முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தான். நனைந்து இறுகிப்போன முடிச்சு. கொஞ்ச நேரம் பிடித்தது. யாரும் தடுக்கவில்லை. கயிறு வந்ததும் கண்ணில் ஒற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"இப்ப எடுங்க" என்றான்.

செல்போன் கடைக்காரரின் கை இறங்கிவிட்டது. "அண்ணே, காப்பக் கழட்டிட்டாண்ணே."

"கழட்டட்டும்."

"இல்லண்ணே... அப்ப இவன் சொல்லப்போறது..."

ஐந்து பேரும் சமயபுரத்துக்குப் பால்குடம் எடுக்கிறவர்கள்தான். கழற்றுவது எதற்கு என்று யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஷூவோடு நின்றவன் இரண்டடி பின்னால் போனான். பட்டறைக்காரர் மட்டும் ஸ்டம்பால் தரையைத் தட்டினார். "வாய மூடிட்டு எடுடா."

எடுத்தார். அண்ணன் சொன்னான். யாரோ ஒருவனிடம் வாங்கியதாக, பேண்ட் மாட்டியது அதற்குத்தான் என்று, அவர்கள் சொல்லிக்கொடுத்த மாதிரியே சொன்னான். ஷட்டரைத் தூக்கும்போது பட்டறைக்காரர் அவன் காதருகில் குனிந்தார். "வெளிய பேசுனா, அடுத்தது உன் தம்பியோட கண்ணு."

ஆஸ்பத்திரியில் பைக்கிலிருந்து விழுந்தோம் என்று அண்ணன் சொன்னான். எனக்கு மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பி கட்டினார்கள். அம்மா ஸ்ட்ராவில் கஞ்சித் தண்ணீர் கொடுத்தாள். வீடியோ அதற்குள் எல்லோர் போனுக்கும் போயிருந்தது. லோடு ஆட்டோவின் முன்கண்ணாடியை உடைத்தார்கள். பூ வாங்கப் போன அம்மாவின் முகத்துக்கு நேராக ஒருத்தி, "புள்ளைய நல்லா வளத்திருக்க" என்று சொல்லிக் காறித் துப்பினாள்.

விசாரணை ஜங்ஷன் பக்கத்தில் ஒரு ஓட்டல் அறையில் நடந்தது. லீக் சார்பில் வந்தவர் போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் நடந்ததையெல்லாம் இங்கிலீஷில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். அவர் அதை ஓரமாக நகர்த்தினார்.

"எழுதுனது இருக்கட்டும் தம்பி. அவர் வாயால சொல்லட்டும்."

அண்ணன் சுவரைப் பார்த்தான். பிறகு என் தாடையைப் பார்த்தான். அதன்பிறகு சொல்லத் தொடங்கியவன் ஒன்றையும் விடவில்லை. அவ்வளவு நேரம் அவன் பேசி நான் கேட்டதே இல்லை.

"காப்பக் கழட்டிட்டா சொன்னீங்க?" என்றார் அவர்.

"ஆமா சார்."

"பாத்தது யாரு?"

"அஞ்சு பேரு சார். அடிச்சவங்கதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நான் நம்புறேன். நானும் கிராமத்துக்காரன்தான். ஆனா ரூல்னு ஒண்ணு இருக்கு. சூதாடுறவன் உங்ககிட்ட வந்து என்ன கேட்டாலும், அடிச்சே கேட்டாலும், ஒடனே எங்களுக்குச் சொல்லியிருக்கணும். நீங்க சொல்லல. நாங்க கூப்புட்டப்புறம் சொல்றீங்க."

"தம்பி கண்ண எடுத்துருவேன்னாங்க சார்."

"புரியுது."

"அவனுக்குக் கண்ணு போனா எங்க வீட்ல படிக்கிறதுக்கு ஆள் இல்ல சார்."

 நான் கம்பிக்குள் ஏதோ சொல்லப் பார்த்தேன். எச்சில்தான் வழிந்தது. அண்ணன் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டான்.

தீர்ப்பு மெயிலில் வந்தது. பணம் வாங்கியதற்கு ஆதாரம் இல்லை. உடனே தெரிவிக்காத குற்றத்துக்கு இரண்டு வருஷம் எந்தப் போட்டியிலும் ஆடக் கூடாது. நான்தான் படித்து, தமிழில் எழுதி அவனிடம் நீட்டினேன். முப்பது வயதுக்குப் பிறகு வேகப்பந்துக்கு யாரும் புது ஆள் தேட மாட்டார்கள். அதை நான் எழுதவில்லை.

அன்று சாயங்காலம் லோடு ஆட்டோவில் என்னைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான். காவிரிப் பாலத்தில் ஏறும்போது சொன்னான். "ஏண்டா, கடைசி வரைக்கும் அந்த நோ பாலப் பத்தி ஒருத்தரும் கேக்கலியே. அந்த பேண்ட் இறுக்கமா இருந்துச்சு. காப்பு உள்ள நசுங்குதேன்னு நெனச்சுட்டே ஓடுனேன். ஓட்டம் தொடங்குற மார்க்க விட்டுட்டேன். அவ்ளோதான்."

பக்கத்தில் ஒரு பைக் வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவன் அண்ணனை அடையாளம் கண்டுகொண்டு, ஒரு கையை நீட்டி அம்பயர் மாதிரி காட்டினான். "டேய், நோ பாலு!"

அண்ணன் அந்த பைக் பக்கமாக ஹேண்டிலைத் திருப்பினான். பைக் கைப்பிடிச் சுவரோரம் ஒடுங்கியது. பின்னால் இருந்தவனின் முகம் வெளுத்தது. அவன் முட்டி சுவரில் உரசுகிற சத்தம் கேட்டது. நான் இரண்டு கையாலும் அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். ஆட்டோ ஒரு குலுக்கு குலுக்கி நேராக வந்தது. பைக் தப்பித்துப் பறந்தது.

பாலம் முடிகிறவரை அவன் மணிக்கட்டை நான் விடவில்லை.

"உனக்கு வாய் நல்லா இருந்திருந்தா, அந்த விசாரணைல நீ பேசி ஜெயிச்சிருப்பதானேடா?" என்று கேட்டான்.

இல்லை என்று தலையாட்டினேன்.