தவிட்டுக்குருவிக்கு ஏன் அந்தப் பெயர்

காலடிப்பேட்டையில், விடிந்தால் போதும், எங்கள் வீட்டுக் கொல்லை முருங்கையில் ஏழெட்டுத் தவிட்டுக்குருவிகள் கூடிச் சண்டை பிடிக்கும். அவற்றுக்கு ஏன் அந்தப் பெயர் என்று, எனக்கு ஆறு வயதில், மாமாவிடம் போய்க் கேட்டேன். கேட்க வேறு ஆளா கிடைக்கவில்லை! துறைமுகத்தில் மூட்டை தூக்கும் மாமா வாயைத் திறந்தால் புளுகுதான்.

"அதுங்களயும் உன்ன மாரியே தவுட்டுக்கு வாங்கினாங்கோ, அதான்," என்றார். "உன்ன ஒரு படி தவுட்டுக்கு மாட்டுக்காரம்மாகிட்ட வாங்கினோம். அது தவுட்டத் திருப்பிக் குட்தா, நீ அந்த வூட்டுக்குப் பூடணும்."

மாட்டுக்காரம்மா பக்கத்து வீட்டில் பால்மாடு வைத்திருந்தவர். நல்லவர்தான். ஆனால் என் அம்மா இல்லையே! இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. அம்மாவிடம் கேட்கவும் பயம். ஆமாம் என்றுவிட்டால்?

மூன்றாம் நாள், சாயங்கால மில் சங்கு ஊதி, மாமா துறைமுகத்திலிருந்து வீட்டுக்கு வந்திருந்த நேரம், மாட்டுக்காரம்மா கொல்லை வழியாக வந்தார். கையில் படி நிறையத் தவிடு. எங்கள் கோழிகளுக்காக அம்மா கேட்டிருந்தாளாம், எனக்கென்ன தெரியும்? பாய்ந்துபோய்ப் படியைத் தட்டிவிட்டேன். "நா வர மாட்டேன்! எங்கம்மா கூடத்தான் இருப்பேன்!" என்று அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டினேன்.

"இன்னாடி ஆச்சு உனுக்கு?" என்றாள் அம்மா. விக்கி விக்கி எல்லாவற்றையும் கொட்டினேன். மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

அதற்குள் சிந்திய தவிட்டில் குருவிகள் இறங்கிவிட்டன. பார்த்தால், தவிடு எது, குருவியின் முதுகு எது என்று தெரியவில்லை. அதே நிறம்!

"மாமா, நெறத்துக்கு வெச்ச பேரு அது! நீ சொன்னது பொய்யி! அப்ப என்ன வாங்கினதும் பொய்யி!" என்று குதித்தேன்.

"பொய்தாண்டி கண்ணு," என்றார் மாட்டுக்காரம்மா. அம்மா என்னை இழுத்து இறுக்கிக்கொண்டாள். எனக்கு மூச்சு முட்டியது. அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு தின்றேன்.

எனக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை என்பது எனக்குக் கல்யாணமான பிறகுதான் தெரிந்தது. விலைக்கு வாங்கிய பிள்ளையை எமன் தேடமாட்டான் என்று, பிறந்த அன்றே என்னை மாட்டுக்காரம்மா மடியில் போட்டு, ஒரு படித் தவிடு அளந்து கொடுத்து அம்மா திரும்ப வாங்கியிருக்கிறாள். மாமா புளுகியது குருவி விஷயத்தில்தான். என்னை வாங்கியது நிஜம்.