அப்பாவின் பிடியில் என் மகளின் கை

மாலை நான்கு பத்துக்கு அப்பாவுக்கு எங்களை அடையாளம் தெரியாமல் போயிற்று. கட்டிலருகே இருந்த என் மகளின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு, பர்மிய மொழியில் ஏதோ உத்தரவிட ஆரம்பித்தார்.

அப்பா பிறந்தது திருவொற்றியூர்க் குப்பத்தில். சிறு வயதிலேயே தாத்தாவுடன் ரங்கூன் போய், அந்நாட்டுப் படையில் சேர்ந்து கேப்டன் ஆனார். உள்நாட்டுப் போரில், குண்டுகளுக்கு நடுவே திரும்பத் திரும்ப ஆற்றைக் கடந்து காயம்பட்டவர்களைத் தூக்கி வந்ததற்காகப் பதக்கம் பெற்றார். பிறகு அங்கிருந்த தமிழர்கள் வெளியேற நேர்ந்தபோது, கப்பலேறிச் சென்னை வந்து, எண்ணூரில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவலராக நின்றார். லாரிக்காரர்கள், "இன்னா பர்மா நைனா, சுட்றாத" என்று கேலி செய்வார்கள். அப்பா சிரித்தபடியே கேட்டைத் திறந்துவிடுவார். பதக்கத்தை யாரிடமும் காட்டியதில்லை.

அன்று இருட்டுவதற்குள் அப்பாவின் மூச்சு அடங்கிவிட்டது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் மகளின் கையை எடுத்தோம். அவள் எழுந்திருக்கவில்லை. பாதங்கள் சில்லிட்டிருந்தன. கண் திறந்திருந்தும் பார்வை இல்லை. பர்மியச் சொல் ஒன்றுகூட அறியாதவள், அந்த மொழியில் ஒன்றையே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அதிர்ச்சிதான், சரியாகிவிடும் என்றார் மருத்துவர். மறுநாள் காலை ஐஸ் பெட்டியின்மேல் மாலைகள் குவிந்தன. நான் அப்பாவுக்காக அழவே இல்லை. மகளின் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எடுக்கும் நேரத்தில் எண்ணூரிலிருந்து மாமா வந்து சேர்ந்தார். பர்மாப் படையில் அப்பாவின் கீழ் சிப்பாயாக இருந்தவர். மகளின் வாயருகே காதை வைத்துக் கேட்டார்.

"'வரேன் சார், வரேன் சார்'னு சொல்லிக்கினு கீதும்மா."

பெட்டியைத் திறக்கச் சொன்னார். தாயை இழந்த கைக்குழந்தையின் உயிர் அவள் பின்னாலேயே போய்விடாமலிருக்க பர்மாவில் செய்வதைச் செய்தார். அப்பாவின் தோளருகே முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, அதன்மேல் ஒரு துணுக்குப் பஞ்சை வைத்தார். காற்றே இல்லை. பஞ்சு மெல்ல நகர்ந்து வழுக்கியது. அதைக் கைக்குட்டையில் ஏந்தி மகளின் நெஞ்சில் வைத்தார். அவள் திரும்பி, "அம்மா" என்றாள்.

இந்த ஓராண்டும் துணைநின்ற உறவினர்களுக்கும் தெருவினருக்கும், அவளைக் கல்லூரிக்கு அனுப்ப நான் பயந்தபோதெல்லாம் வீடு வரை வந்து அழைத்துப்போன தோழிகளுக்கும் நன்றி. மாமாவின் கையில்தான் அப்பாவின் இந்த முதலாண்டு நினைவு மலரைக் கொடுக்க முடியவில்லை. அப்பாவின் காரியம் முடிந்த அன்றே அவரும் காலமானார்.

கண்ணாடியைக் கையில் எடுக்குமுன் அவர் அப்பாவுக்கு சல்யூட் அடித்துவிட்டு, குனிந்து காதோரம் சொன்னது எனக்கு மட்டும் கேட்டது:

"கொயந்தய வுட்டுடுங்க சார். நா வரேன்."