குரல் அடங்கிய திசை

வானொலி திருத்துகிறவனிடம் எல்லோரும் சத்தம் வேண்டும் என்றுதான் வருவார்கள். சத்தம் எங்கே அடங்குகிறது என்று தேடி அலைந்தவன் நான். வானொலிப் பெட்டியை மூலைக்கு மூலை திருப்பி வைத்து அலுத்துப்போன வாசகர்களே, உங்களுக்கு என் பாடு விளங்கும்.

வளையம்

யுத்தம் முடிந்து ஊரில் மீள்குடியேறிய புதிதில், வெள்ளாங்குளத்துக்கு மேற்கே கடற்கரையில் கடை போட்டேன். படகுக்காரர் கைக்கு வோக்கிடோக்கி வந்த காலம். உலக யுத்தத்தில் நீர்மூழ்கிக் கப்பல் செய்தி அனுப்பினால், அந்த அலையைப் பிடித்தே அது கிடக்கும் திசையைக் கண்டுபிடிப்பார்களாம். தொழில் படித்த இடத்தில் சொல்லித் தந்தது. கம்பி வளையத்தை மெல்லத் திருப்ப வேண்டும். அதன் முகம் பேசுகிறவரை நேராகப் பார்க்கும்போது குரல் அடங்கிவிடும்; அதுதான் திசை. எதிரியைத் தேடிய வித்தை நம் படகைத் தேடாதா? இருந்த செம்புக் கம்பியையெல்லாம் மரச்சட்டத்தில் சுற்றிக் கூரைமேல் நட்டேன். மனைவி மெற்றில்டா அண்ணாந்து பார்த்தாள்.

"இவ்வளவு கம்பிக்கும் உடுப்புக் காயப்போட ஒரு கொடி கட்டியிருக்கலாம்."

வயலில் ஓடிய படகு

பரீட்சைக்காக மெற்றில்டாவின் தம்பி சூசையைக் கடலிலிருந்து பேசச் சொன்னேன். ஊரே கூடி நிற்க வளையத்தைத் திருப்பினேன். குரல் அடங்கிய கோடு கடல் பக்கமே போகவில்லை; ஒரு நுனி கோயிலில், மறுநுனி வயலில்! மீள்குடியேற்றத்துக்குத் தந்த புதுக் கூரைத் தகரம் அலையைக் குழப்பிவிட்டது. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு வளையத்தை வெறுமணலுக்குக் கொண்டுபோனேன். கோடு சரியாக விழும்வரை சூசையை விடவில்லை. அதற்குள் வயல்காரர் கந்தையா அண்ணர் கேட்டுவிட்டார்.

"தம்பி, என்ர வயலுக்க எத்தினை பாகம் ஆழத்தில தண்ணியெண்டும் ஒருக்காச் சொல்லும்."

செபமாலை

மாரியில் ஒருநாள் சூசையின் எஞ்சின் நின்றுவிட்டது. மழைமூட்டத்தில் கரை தெரியவில்லை. வாடைக்காற்று படகை இந்தியப் பக்கம் தள்ளியது. எல்லை தாண்டினால் பிடித்து மறியலில் போடுவார்கள், கவிழ்ந்தால் ஆளே இல்லை. அவனுடைய வோக்கிடோக்கியின் பற்றறியும் இறங்கிக்கொண்டிருந்தது. குரல் விடாமல் வந்தால்தான் திசை பிடிக்கலாம். எதையாவது பேசு என்றால் அவனுக்கு வாய் வரவில்லை. செபமாலை சொல்லு, மணிக்கு ஒரு செபமாகப் பத்து மணி சொல்லி நிறுத்து என்றேன். அவன் தொடங்கியதும் கரையில் நின்ற சனம் வழக்கம்போலச் செபத்தின் மறுபாதியை உரத்துச் சொல்லத் தொடங்கியது. எனக்கு அவன் குரலே கேட்கவில்லை! "வாயை மூடுங்கோ!" என்று செபத்துக்கு நடுவே கத்திய பாவி நான். சனம் அடங்கியது. வளையம் திரும்பத் திரும்ப சூசையின் குரலும் தேய்ந்தது. மெற்றில்டா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, அவன்ர குரல் போகுது, திருப்பாதேங்கோ!"

இரண்டாவது கோடு

அவள் கையை விலக்கினேன். குரல் அடங்கும்வரை திருப்பித் திசையைக் குறித்தேன். ஒரு கோடு திசையைத்தான் சொல்லும். இடத்தைச் சொல்ல இன்னொரு கோடு வேண்டும். மெற்றில்டா பின்னாலிருந்து வளையத்தைத் தூக்கிப்பிடிக்க, மோட்டார்சைக்கிளில் கரையோரமாகத் தெற்கே ஓடினேன். அங்கிருந்து அவனை அடுத்த பத்து மணி சொல்ல வைத்தேன். கோடுகள் வெட்டிய இடத்துக்குப் படகுகள் போய் அவனைக் கட்டியிழுத்து வந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. சூசை நனைந்த சட்டையோடு மணலில் இறங்கினான்.

"அத்தான், செபமாலையில இன்னும் முப்பது மணி கிடக்கு. எல்லாரும் முழந்தாளில நில்லுங்கோ, இப்ப வாயைத் திறக்கலாம்."

நீர்மூழ்கிக் கப்பலைத் தேடிய அந்தப் பெரிய வித்தை இன்றும் எங்கள் கரையில் நிமிர்ந்து நிற்கிறது. படகுகள் எல்லாம் பத்திரமாகத் திரும்பும் நாள்களில் மெற்றில்டா அதில் உடுப்புக் காயப்போடுகிறாள்.