சும்மா இருக்கத் தெரியாத முகம்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஸ்டிக்கர் அக்கா என்று பெயர். கழுத்தில் அடிபட்டு வருகிறவர்களின் நெற்றியிலும் கன்னத்திலும் ஒயர் வைத்த ஸ்டிக்கர்களை ஒட்டி, எறும்பு கடித்த மாதிரி ஒரு சின்ன மின்துடிப்புக் கொடுத்து, முகத்து நரம்புகள் சொல்லும் பதிலைத் திரையில் கோடாகப் பிடிப்பது அவள் வேலை. ஊசியும் இல்லை, கத்தியும் இல்லை. நோயாளி முகத்தைச் சும்மா வைத்திருந்தால் போதும். அது மட்டும் யாருக்கும் வராது. சும்மா இரு என்றால்தான் மனுஷனுக்கு மூக்கு அரிக்கும், என்றைக்கோ கேட்ட ஜோக்குக்கு இப்போது சிரிப்பு வரும்.

அன்று வந்து படுத்தவன் அவளுடைய கொழுந்தன், வேன் டிரைவர். பின்னால் வந்த லாரி இடித்ததிலிருந்து கழுத்தில் பட்டையோடு திரிகிறான். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. போதாதா? வலி என்று நடித்துச் சுகமாகப் படுத்திருக்கிறான் என்று வீட்டில் அவனுக்கு மகாராஜா பட்டம் சூட்டியாயிற்று. சூட்டிய புண்ணியவதி சாட்சாத் நம் ஸ்டிக்கர் அக்காதான். முதலாளியோ, டாக்டர் எழுதித் தந்தால் லீவு, இல்லாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டு என்று சொல்லிவிட்டார்.

"அண்ணி, நடிச்சா மெஷினுக்குத் தெரிஞ்சிடுமா?"

"எல்லாம் தெரியும். முகத்தைச் சும்மா வைங்க மகாராஜா."

அவனா வைப்பான்? கன்னத்தை உப்பினான், புருவத்தை ஆட்டினான். கோடு தலைகால் புரியாமல் குதித்தது.

"விளையாடாதே! கோடு சரியா வரலைன்னா டாக்டர் எப்படி எழுதுவாரு? வேலை போயிடும்!"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். கன்னம் இறங்கியது, வாயோரம் தளர்ந்தது. சேட்டை போனபின் மிஞ்சிய முகத்தை அவள் அன்றுதான் பார்த்தாள். நாள்கணக்கில் தூங்காத முகம். எத்தனையோ பேர் முகத்தை உற்றுப் பார்த்தவள், ஒரே வீட்டில் இருப்பவனைப் பார்க்கவில்லை.

கோடு அடங்கியது. ஒரு பக்கத்து நரம்பின் பதில் மட்டும் தயங்கித் தயங்கி வந்தது. டாக்டர் அதைப் பார்த்தார், கழுத்தையும் தொட்டுப் பார்த்தார், இப்போதைக்கு வண்டி ஓட்டக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவள் ஸ்டிக்கர்களை வலிக்காமல் உரித்தாள்.

"இவ்வளவு வலிக்குதுன்னு ஏம்ப்பா ஒரு வார்த்தை சொல்லல?"

"தினமும் சொன்னேனே அண்ணி. பிரமாதமா நடிக்கிறேன்னு நீங்கதானே கைதட்டினீங்க."

சொல்லிவிட்டுப் பழையபடி கன்னத்தை உப்பிக் காட்டினான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.