பாடாத பாடகன்

டொராண்டோவில் பனி பெய்தால் அது உருக ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள், லாரி லாரியாக. நான் மரக்காணத்து உப்பளத்துக்காரன். பாத்தியில் நாள் முழுக்க உப்பில் நிற்போம். ஆனால் வீட்டில் சிந்திய உப்பை மிதித்தால் அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். வந்து ஆறு வருஷமாகியும் கால் கூசுகிறது. 2006 தை மாதம், அந்த உப்பை நறநறவென்று மிதித்துக்கொண்டுதான் ஒரு ராக் குழுவின் கச்சேரிக்குப் போனேன்.

பதினாறு வருஷத்துக்கு முன் குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்குப் பெயின்ட் அடிக்கப் போனபோது, காலி செய்துபோன வெள்ளைக்காரர் விட்டுச்சென்ற கேசட்டில் கிடைத்த குழு அது. உப்பளக் கொட்டகையில் பேட்டரி டேப்பில் போட்டுத் தேயத் தேயக் கேட்டேன். ஒரு வார்த்தை புரியாது. மூன்றாவது பாட்டின் கடைசி அடியில் பாடகனுக்குத் தொண்டை உடையும். அதற்காகவே ரீவைண்ட் பண்ணுவேன். "அந்த ஆளு எதுக்குடா இப்படி அழுவுறான்?" என்பாள் அக்கா. "நெஜமா பாடறான்க்கா, அதான்" என்பேன்.

அந்த அக்காவிடம்தான் பொய் சொன்னேன். அவள் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அவள் கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான். லீவு கிடைக்கவில்லை என்றேன். லீவு இருந்தது, கச்சேரி டிக்கெட்டும் இருந்தது. கச்சேரி இங்கே ராத்திரி எட்டு மணிக்கு என்றால் அங்கே மறுநாள் காலை ஆறரை, சரியாக முகூர்த்த நேரம்.

மூன்றாவது பாட்டு வந்தது. கடைசி அடியில் தொண்டை உடைந்தது. கேசட்டில் உடைந்த அதே இடத்தில், அதே இரைப்போடு, இம்மி பிசகாமல். பதினாறு வருஷம் கழித்தும் ஒரு தொண்டை அப்படியேவா உடையும்? உற்றுப் பார்த்தேன். மைக்கை இறக்கிக் கூட்டத்துக்குக் கையாட்டினான், குரல் நிற்கவில்லை. பழைய டேப்பை ஓடவிட்டு வாயசைத்திருக்கிறான், படுபாவி. எங்கள் ஊர்த் திருவிழாவில் கரண்ட் போனபோது ஆர்கெஸ்ட்ராக்காரர் வெறும் தொண்டையிலேயே பாட்டை முடித்தார். இவன் என்னை நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டான். முகத்தைப் பொத்திக்கொண்டேன். பக்கத்து சீட் அம்மாள், நான் உருகி அழுவதாக நினைத்து டிஷ்யூ நீட்டினாள். "அவர் பாடவே இல்லை" என்றேன். "கவலைப்படாதே, இன்னும் நிறையப் பாடுவார்" என்று முதுகைத் தட்டினாள்.

பாதியில் எழுந்து வந்துவிட்டேன். பஸ் ஸ்டாப்பில் நின்று அக்காவுக்கு போன் போட்டேன்.

"வேலை முடிஞ்சிடுச்சா? சாப்ட்டியா?" என்றாள். "பாப்பா அழவே இல்லடா. பெரியப்பா பையன் மடியிலதான் உக்கார வெச்சோம். நீ விட்டுட்டுப் போன நீலச் சட்டைய அவனுக்குப் போட்டுவிட்டேன், மாமன் சட்டையாவது இருக்கட்டும்னு. தூரத்துலேர்ந்து பாத்தா நீயே உக்காந்திருக்கிற மாதிரி இருந்துது."

பாடகனைத் திட்ட வாயெடுத்தவன், கையிலிருந்த கச்சேரி டிக்கெட்டைக் கசக்கிப் பாக்கெட்டுக்குள் திணித்தேன்.

"டேய், இருக்கியா?"

"இருக்கேன்க்கா" என்றேன், டொராண்டோ ரோட்டு உப்பை மிதித்தபடி.