தங்கையின் மகளோடு வந்தவர்

நாங்கள் குடியேறிய மில்லிக்கனில் என் மகன் நீச்சல் பழகும் இடத்தில் அவரைச் சந்தித்தேன். மெலிந்த, உயரமான மனிதர். வேலைச் சப்பாத்தோடேயே வருவார். மற்றவர்கள் உட்கார்ந்து போன் பார்க்க, அவர் வகுப்பு முடியும்வரை கண்ணாடிச் சுவரருகே நிற்பார். மகன் மூழ்கிவிடுவானோ என்ற பயத்தில் நானும் நிற்பேன்.

அவர் கூட்டிவருவது தங்கையின் மகளை. தங்கையை அமெரிக்காவில் அவளுடைய கணவனே கொன்றுவிட்டான். வழக்கு இன்னும் முடியவில்லை.

ஒருநாள் என்னிடம் சொன்னார்: “அந்த மாநிலத்தில சட்டத்தை மாத்திப்போட்டாங்களாம், தங்கச்சி. இனி அவனுக்கு மரணதண்டனை கேக்கேலாதாம்.”

“நல்லதுதானே அண்ணை,” என்றேன். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் கோபிக்கவில்லை. “குடும்பத்தின்ர விருப்பம் என்னெண்டு அரசாங்க லோயர் முந்தி என்னட்டக் கேட்டவர். மரணதண்டனையே கேளுங்கோ எண்டு சொல்லிப்போட்டன். இவள் வளர்ந்து, ‘அப்பாவைக் கொல்லச் சொன்னனீங்களோ மாமா’ எண்டு கேட்டா?”

“அதுதான் இனி நடக்காதே.”

“நடக்காது. ஆனா நான் சொன்னனான்தானே.”

சிறுமி ஈரத்தோடு ஓடிவந்தாள். “மாமா, டிட் யூ சீ மீ?”

“கண்டனான், குஞ்சு,” என்று துவாயால் அவளைப் போர்த்தினார்.

அவளுக்கு ஒருநாளும் சொல்லாதேயுங்கோ என்று சொல்ல வாயெடுத்தேன். என் மகனிடம் இப்படியொன்றை நான் மறைப்பேனா என்று யோசித்து நிற்பதற்குள், அவர்கள் போய்விட்டார்கள்.