யாரும் குடிக்கக் கூடாது

“கன்னுக்குட்டி வந்துங்க...” என்று அந்த அம்மா இழுத்தபோது நான் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் தொடக்கம். கால்நடை மருத்துவராக ஆரணிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. படிப்பும் புதிது, மிடுக்கும் புதிது. ஒரு கொட்டகையில் பத்து நிமிடத்துக்கு மேல் நின்றால் டாக்டர் என்கிற மதிப்பே போய்விடும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

அவர் ஊர் படவேடு போகும் வழியில் இருந்தது. நிலம் கிடையாது. கூலி வேலையும் ஒரு கலப்பினப் பசுவும்தான். விடிந்ததும் பாலைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடித்து, ஆரணியில் தறிக்காரர் வீடுகளுக்கு ஊற்றிவிட்டு வருவார். அந்தப் பசு படுத்தால் குடும்பமே படுத்துவிடும். அன்று அதற்கு ஒரு காம்பு வீங்கிச் சுட்டது. பால் திரிதிரியாக வந்தது. மடிநோய்தான். ஊசி போட்டேன். “இந்தக் காம்புப் பாலை யாரும் குடிக்கக் கூடாது. அடிக்கடி எடுத்துடுங்க” என்றேன். “சரிங்க சார்” என்றவர், அப்புறம்தான் கன்றைப் பற்றிக் கேட்க வாயெடுத்தார். “சொன்னதை மட்டும் செய்ம்மா, போதும்” என்று கிளம்பிவிட்டேன்.

பத்து நாள் கழித்துப் போனபோது நான்கு காம்புகளும் கல்லாகக் கிடந்தன. நோய்க் காம்பில் வாய் வைத்த கன்று மற்றதையும் சப்பி எல்லாவற்றிலும் ஒட்டவைத்திருந்தது. யாரும் குடிக்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேனே என்று தெருவே கேட்கும்படி கத்தினேன். படித்துப் படித்தெல்லாம் சொல்லவில்லை, ஒரே ஒரு தரம்தான் சொன்னேன்.

“யாரும் குடிக்கலீங்க சார். புள்ளைங்களுக்குக்கூட ஒரு சொட்டு குடுக்கல. பாலைக் கீழ ஊத்துனா மடி வத்திப்பூடும்னு சொல்வாங்க. அதான் கன்னுக்கு வுட்டுகினு இருந்தேன்.”

அவர் சொன்னதில் பிழையே இல்லை. ‘யாரும்’ என்றால் மனிதர்கள்தானே? கன்றை யாராவது அப்படிச் சொல்வார்களா? எனக்கு அது அப்போதே உறைத்தது. இருந்தும் முகத்தை இறுக்கிக்கொண்டு நின்றேன். “எங்க தப்புதாங்க” என்று அவர்தான் கையைப் பிசைந்தார். அந்த வாரமே பசு அடிமாடாகப் போனது.

பிறகு முப்பது வருடங்களுக்கு மேல் இதை ஒரு வேடிக்கைக் கதையாகவே சொல்லிவந்தேன். பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களிடம் “யாரும் குடிக்கலீங்க சார்” என்று அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவேன். சிரிப்பு அடங்க நேரமாகும். கிராமத்து ஜனங்களிடம் எவ்வளவு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது பாருங்கள் என்று முடிப்பேன். நான் ஸ்கூட்டரை உதைத்த கதையை மட்டும் சொன்னதில்லை. கூச்சம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். உண்மையில் அது கோழைத்தனம்.

ஓய்வு பெறும் வருடம் கடைசி முறையாகச் சொன்னபோது ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. “கன்னுக்குக் குடுக்கலாமான்னு அந்தம்மா உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கலையா சார்?” என்றாள்.

“கேக்கலம்மா” என்றேன்.